பெயர் அழைக்கப்பட்ட வேளையில்



அண்மையில் நம் சபையிலுள்ள ஒரு குடும்பத்தார் தங்கள் மகனுடைய பட்டமளிப்பு விழா அழைப்பிதழை என் கையில் கொடுத்தார்கள். அழகிய அட்டை, பொன்னிற எழுத்துகள். அதன் அடியில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒரு மாணவருக்கு இருவர் மட்டுமே அனுமதிக்கப்படுவர். அந்த வரியைப் படித்தவுடன் என் நினைவு 2020-ஆம் ஆண்டுக்குச் சென்றுவிட்டது. மண்டபங்கள் எல்லாம் அடைபட்டிருந்த அந்த ஆண்டில், மண்டபமே இல்லாத ஒரு பட்டமளிப்பு விழாவில் நான் கலந்துகொண்டேன். அன்று நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு வீடு, ஒரு செல்போன்

காக்ஸ் டவுன் சந்தையைத் தாண்டி ஜீவனஹள்ளிப் பக்கமாகச் செல்லும் ஒரு சந்தில், ஒற்றை அறையும் சிறு சமையற்கட்டும் கொண்ட வாடகை வீடு அது. வீட்டுத் தலைவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலாளி. அவருடைய தகப்பனார் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, அங்கிருந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைப் போல இவர்களும் பிழைப்புக்காகப் பெங்களூருவை நோக்கித் திரும்பினார்கள். சில காலம் மாரிக்குப்பத்திலிருந்து அனுதினமும் ரயிலில் வந்துபோன அவர், பின்பு மனைவி மக்களுடன் இங்கேயே குடியேறினார். தாயாரோ அந்தப் பழைய தொழிலாளர் குடியிருப்பைவிட்டு வரமாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். சகோதரனுடைய மனைவி நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். மூத்த மகள் பி.காம். சேர்ந்தாள். அந்த வம்சத்திலேயே கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் பிள்ளை அவள்தான்.

அவள் இறுதியாண்டில் இருக்கும்போதுதான் கொள்ளை நோய் வந்தது. 2020 மார்ச் நடுவில் கர்நாடக அரசு கல்லூரிகளை மூடியது. மார்ச் 25 முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு. இறுதித் தேர்வு உண்டா இல்லையா என்று பிள்ளைகள் மாதக்கணக்காகத் தவித்தார்கள். செப்டம்பர் முடிவதற்குள் தேர்வு நடத்தப்படவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஜூலை 6-ஆம் தேதி அறிவித்தது. காரியம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. இறுதியாண்டுத் தேர்வு எழுதாமல் பட்டம் கிடையாது என்று ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பாயிற்று. நம் பெண்ணும் முகக்கவசம் அணிந்து, பயத்தோடும் ஜெபத்தோடும் எழுதி முடித்தாள். சான்றிதழ் பல்கலைக்கழகத்திலிருந்து வரத் தாமதமாகும். ஆனாலும் அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பட்டதாரிகள் தின விழாவை இணையவழியில் நடத்துவதாகக் கல்லூரி அறிவித்தது. மாணவர்களும் பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் அவரவர் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளவேண்டும்.

அந்தச் சகோதரன் என்னிடம் வந்து, "ஐயா, அன்னைக்கு நீங்களும் வந்து எங்க கூட உட்காரணும்" என்று அழைத்தார். நான் சற்று அசட்டையாகவே, "செல்போனில் என்ன பட்டமளிப்பு, பிரதர்? எல்லாம் சரியானபின் மண்டபத்தில் நடக்கட்டுமே" என்றேன். அவர் கோபப்படவில்லை. தரையைப் பார்த்தபடி, "அவ படிச்சது மூணு வருஷமும் நெசந்தானே ஐயா?" என்றார். அதற்குமேல் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

விழா நாளில் நான் போனபோது, வீடு முழுவதும் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. தகப்பனார், கல்லூரி மண்டபத்துக்குப் போட்டுச் செல்வதற்காகப் பிப்ரவரியிலேயே வாங்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டையை அணிந்திருந்தார். தாயார் கலியாணப் பட்டுப்புடவை. கருப்பு அங்கி கிடையாது. மகள் தன் சுடிதாரின் துப்பட்டாவை அங்கியின் பட்டையைப்போல மடித்துத் தோளில் போட்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே செல்போன், கண்ணாடி கீறல் விழுந்தது, டிரங்குப் பெட்டியின்மேல் ஓர் எவர்சில்வர் சம்புடத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்முன் நாங்கள் ஐந்து பேர், முகக்கவசங்களோடு. மாரிக்குப்பத்தில் பாட்டியம்மாளும் பக்கத்து வீட்டுப் பையனுடைய செல்போனில் அதே விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாதாரணப் பயணிகள் ரயில்கள் அப்போது ஓடவில்லை. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று அரசாங்கமும் அறிவுறுத்தியிருந்தது. ரயில் ஓடியிருந்தாலும், இருவருக்கு மட்டும் இடமுள்ள மண்டபத்தில் பாட்டிக்கு எங்கே இடம்?

இறைவணக்கம், வரவேற்புரை, முதல்வர் உரை எல்லாம் முடிந்து, பெயர்ப் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புகைப்படம் திரையில் வந்து மறைந்தது. இவளுடைய எழுத்து நெருங்கியது. தாயார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அந்த நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. மகள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். திரும்பப் படம் வந்தபோது வேறே யாரோ ஒரு பிள்ளையின் முகம் தெரிந்தது. பெயர்கள் அவளைத் தாண்டிப் போய்விட்டன.

யாரும் பேசவில்லை. "அவ்வளவுதானா?" என்று தாயார் மட்டும் மெதுவாகக் கேட்டார். மூன்று வருஷத்தின் படிப்பும், நான்கு வீடுகளின் பாத்திரங்களும், ஒரு வெள்ளைச் சட்டையும் அந்தச் சுற்றும் வட்டத்துக்குள் போய்விட்டதைப் போல இருந்தது.

அப்பொழுது தகப்பனாருடைய சட்டைப் பையில் இருந்த பழைய பொத்தான் போன் மணியடித்தது. பாட்டியம்மாள்! "கேட்டியாடா? பேரு சொன்னாங்கடா! போட்டோவும் வந்துச்சு!" என்று அந்த அம்மா கத்தியது எங்கள் யாவருக்கும் கேட்டது. காக்ஸ் டவுனில் நின்றுபோன படம் மாரிக்குப்பத்தில் நிற்கவில்லை. தகப்பனார் அந்தப் போனைச் சத்தமாக வைத்துத் தரையின் நடுவில் வைத்தார். "அம்மா, அவங்க எப்படிச் சொன்னாங்களோ அப்படியே சொல்லு" என்றார். பாட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு பேத்தியின் முழுப் பெயரையும், தனக்குத் தெரிந்தவரையில் பட்டத்தின் பெயரையும் சொன்னார்கள். அந்தச் சிறு வீட்டில் நாங்கள் கைதட்டினோம். அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள்.

பிரியமானவர்களே, மண்டபத்தில் நடந்திருந்தால் அந்த விழாவுக்கு வந்திருக்கவே முடியாத ஒருவர், அன்றைக்கு அந்தப் பெயருக்கு ஒரே சாட்சியாக நின்றார். "செல்போனில் என்ன பட்டமளிப்பு" என்று கேட்ட நான் வெட்கப்பட்டுப்போனேன்.

வெறுமையாயிருந்த மண்டபங்கள்

அந்த ஆண்டில் இது உலகமெங்கும் நடந்தது. கூட்டம் கூடக் கூடாது என்றபோது, ஒவ்வொரு தேசமும் தன்தன் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு வழியைத் தேடியது. 2020 மார்ச் 28-ஆம் தேதி டோக்கியோவில் ஒரு பல்கலைக்கழகம், ரோபோக்களுக்குப் பட்டதாரிகளின் அங்கியையும் தொப்பியையும் அணிவித்தது. அவற்றின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திரை; அதில் வீட்டிலிருந்த மாணவரின் முகம். அந்த ரோபோக்கள் மேடைவரை உருண்டு சென்று சான்றிதழைப் பெற்றுக்கொண்டன.

நம் தேசத்தில் மும்பை ஐ.ஐ.டி. ஆகஸ்டு 23-ஆம் தேதி, கணினியில் வரையப்பட்ட மண்டபத்தில் விழா நடத்தியது. ஒவ்வொரு மாணவருக்கும் கணினியில் ஒரு உருவம் செய்தார்கள். அந்த உருவம் மேடையேறி, இயக்குநரின் உருவத்திடமிருந்து பட்டம் வாங்கியது. 2016-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான டங்கன் ஹால்டேன் அவ்விழாவின் சிறப்பு விருந்தினர். நமது கர்நாடகத்திலோ, 1916-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மைசூரு பல்கலைக்கழகம் அக்டோபர் 19-ஆம் தேதி தன் நூற்றாண்டுப் பட்டமளிப்பு விழாவை நடத்தியபோது, பிரதமர் காணொலி வழியாகவே உரையாற்றினார்.

பெரிய நிறுவனங்கள் இப்படிச் செய்ய, சாதாரணக் கல்லூரிகளோ ஜூம் என்னும் செயலியையும் யூடியூபையும் பற்றிக்கொண்டன. 2019 டிசம்பரில் ஜூமில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கோடிப் பேர் கூட்டங்களில் சேர்ந்தார்கள் என்றும், 2020 ஏப்ரலில் அந்தக் கணக்கு 30 கோடியைத் தொட்டது என்றும் அந்நிறுவனமே தெரிவித்தது. கட்டணம் செலுத்தாதவர்களுக்குக் கூட்டம் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும். அதனால் வகுப்பு நண்பர்களின் பிரிவுபசாரம், பாட்டுப் போட்டி, முன்னாள் மாணவர் சந்திப்பு யாவும் நாற்பது நிமிடத் துண்டுகளாக நடந்ததை உங்களில் அநேகர் கண்டிருப்பீர்கள்.

கொள்ளை நோய் நம்மை ஒருவரையொருவர் பிரித்தபோது கம்பியும் கருவியும் கைகொடுத்தது நம் பட்டணத்துக்குப் புதிதல்ல. 1898-ஆம் ஆண்டு பெங்களூருவில் பிளேக் நோய் பரவியது. மரணம் நெருக்கமான தெருக்களில் புகுந்தபடியால், ஜனங்கள் காற்றோட்டமான இடங்களில் குடியிருக்க வேண்டும் என்று புதிய குடியிருப்புகளை அமைத்தார்கள். நமக்கு அடுத்திருக்கும் ஃப்ரேசர் டவுன் அப்படி உண்டானதே. அந்த நோய்த் தடுப்புப் பணிகளை ஒருங்கிணைப்பதற்காகவே அப்போது இப்பட்டணத்தில் தொலைபேசிக் கம்பிகளும் இழுக்கப்பட்டன. வியாதியின் நிமித்தம் வந்த கம்பி, வியாதி போனபின்பும் நிலைத்திருந்தது. அதுபோலவே 2020-இல் நம் வீட்டுக்குள் வந்த இணையவழி விழாவும் முழுவதுமாகப் போய்விடவில்லை. அதை இப்போது எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதே நம் முன்னிருக்கும் கேள்வி.

கதவு யாருக்குத் திறந்தது, யாருக்கு அடைபட்டது?

நம் பல்கலைக்கழகங்களில் நேரில் வந்து பட்டம் பெறுவது ஒரு வகை, வராமலே பட்டம் பெறுவது மற்றொரு வகை என்று நெடுங்காலமாய் உண்டு. பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களும், வேலைக்கு விடுமுறை கிடைக்காதவர்களும் கட்டணத்தைச் செலுத்திவிட்டுத் தபாலில் பட்டத்தைப் பெற்றுக்கொள்வார்கள். தபால்காரர் உறையை நீட்டுவார், வீட்டார் கையெழுத்துப் போடுவார்கள், அவ்வளவே. 2020-இல் பணக்காரரும் ஏழையும் ஒருங்கே வராமலே பட்டம் பெறுகிறவர்கள் ஆனார்கள். மண்டபத்தின் கதவு எல்லாருக்கும் அடைபட்டபோது, மாரிக்குப்பத்துப் பாட்டிக்கும், வளைகுடாவில் உழைக்கும் தகப்பனுக்கும், பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு சென்றிருந்த அக்காவுக்கும் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது.

இதை நான் முதலாவது உணர்ந்திருக்கவேண்டும். 1993-ஆம் ஆண்டு நான் வேதாகமக் கல்லூரியில் பட்டம் பெற்ற நாளில், திருநெல்வேலிச் சீமையிலிருந்த என் பெற்றோர் வரவில்லை. இருவருக்கும் சேர்த்துப் பயணச் செலவுக்குப் பணம் இல்லை. என் பெயர் அழைக்கப்பட்டபோது மற்றவர்களுடைய வீட்டார் எனக்காக இரக்கத்தோடு கைதட்டினார்கள். என் தகப்பனார் கடைசிவரைக்கும் அந்தப் புகைப்படத்தை மாத்திரம் பார்த்தார். நானே அப்படிப்பட்டவனாயிருந்தும், அந்தச் சகோதரனிடத்தில் அசட்டையாய்ப் பேசினேனே!

ஆனால் அந்த ஜன்னலும் எல்லாருக்கும் திறக்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது. 2017-18-ஆம் ஆண்டுக்கான தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 வீடுகளில் மாத்திரமே இணைய வசதி இருந்தது. நகர்ப்புறத்திலும் அது 42 வீடுகளே. கணினியோ கிராமங்களில் நூற்றுக்கு நான்கு வீடுகளில்தான். நோய் வந்த ஆண்டில் கேரளத்தில் ஒரு கல்லூரி மாணவி சிக்னலுக்காகத் தன் வீட்டின் ஓட்டுக் கூரையின்மேல் ஏறி உட்கார்ந்து பாடம் படித்த படத்தைச் செய்தித்தாள்களில் நாம் பார்த்தோம்.

நான் சொன்ன அதே சந்தில் ஒரு வாலிபன் இருந்தான். அவனும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவர்கள் வீட்டிலும் ஒரே செல்போன். தங்கைக்குப் பத்தாம் வகுப்பு. அவளுடைய வகுப்பு நேரமும் இவனுடைய வகுப்பு நேரமும் ஒன்றே. இவன் போனைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்தான். தகப்பனுக்கு வேலை இல்லாதபடியால், வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்தான். கல்லூரி மறுபடியும் திறந்தபோது திரும்பிப் போகவில்லை. அவனுடைய வகுப்பின் பட்டமளிப்பு விழா நடந்த நாளில் அவனுடைய பெயரை ஒருவரும் வாசிக்கவில்லை. விடுபட்டது என்று ஒருவரும் கேட்கவுமில்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கருப்புச் சதுரம்

இனி என்னுடைய குறை ஒன்றைச் சொல்லவேண்டும். நான் படித்த வேதாகமக் கல்லூரியில் வருஷந்தோறும் முன்னாள் மாணவர் கூடுகை நடக்கும். தூரத்தில் ஊழியம் செய்கிறவர்களால் வர இயலாது. எங்கள் வகுப்பிலிருந்து பெரும்பாலும் ஐந்தாறு பேரே செல்வோம். 2021 ஜனவரியில் அந்தக் கூடுகை ஜூமில் நடந்தது. முப்பது ஆண்டுகளாய் முகத்தைப் பாராதவர்கள் எல்லாம் அன்று ஒரே திரையில் தோன்றினார்கள். ஒருவர் அந்தமானிலிருந்து, ஒருவர் ஷார்ஜாவிலிருந்து, ஒருவர் ஜார்கண்டின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து. அவர்களுடைய மனைவிமார் எட்டிப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். பிள்ளைகள் பின்னால் நின்று சிரித்தார்கள். எங்களுக்குக் கிரேக்க மொழி கற்பித்த முதிர்ந்த ஆசிரியர், படுக்கையில் சாய்ந்தபடியே எங்கள் ஒவ்வொருவருடைய பெயரையும் பிழையில்லாமல் சொன்னார்.

பொதுக்கூட்டம் முடிந்தபின், எங்கள் வகுப்பார் மாத்திரம் தனியே ஒரு கூட்டம் போட்டார்கள். இலவச இணைப்பு, நாற்பது நிமிடம். எனக்கோ அன்று களைப்பு. வேறே அலுவலும் இருந்தது. கேமராவை அணைத்துவிட்டு, பாதிக் கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். இருபதாவது நிமிடத்தில், "சகோதரரே, நான் விடைபெறுகிறேன்" என்றேன். ஜார்கண்டிலிருந்த நண்பர், விடுதியில் என் அறைத்தோழராய் இருந்தவர், "பிரதர், இன்னும் கொஞ்சம் இருங்களேன், உங்க முகத்தையே பார்க்கலையே" என்றார். "அடுத்த வாரம் கட்டாயம் போன் செய்கிறேன்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நான் போன் செய்யவில்லை. அதற்கடுத்த வாரமும் செய்யவில்லை. ஏப்ரலில் இரண்டாம் அலை எழும்பியது. ஏப்ரல் 27 முதல் கர்நாடகம் மறுபடியும் அடைக்கப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் தேசத்தில் ஒரே நாளில் 4 லட்சத்துக்கும் அதிகமானோருக்குத் தொற்று கண்டது. முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் ஆக்சிஜன் உருளையும் மருத்துவமனைப் படுக்கையும் தேடும் குழுக்களாய் மாறின. எங்கள் குழுவும் அப்படியே ஆயிற்று. மே மாதத்தில் ஒரு விடியற்காலை, அதே குழுவில் அந்த நண்பருடைய மரணச் செய்தி வந்தது.

அந்த ஜனவரிக் கூட்டத்தைத் திரையிலிருந்தபடியே ஒருவர் படம் பிடித்து அனுப்பியிருந்தார். இன்றும் அது என்னிடத்தில் இருக்கிறது. வரிசை வரிசையாகச் சிறு சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம். மேல் வரிசையில் அந்த நண்பர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு நேர் கீழே ஒரு கருப்புச் சதுரம். அதில் முகம் இல்லை, என் பெயர் மட்டும் இருக்கிறது.

அருமையானவர்களே, கருவியின்மேல் குற்றம் சுமத்த எனக்கு வாய் இல்லை. அன்று நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. இல்லாமற்போனவன் நானே.

மையும் முகமும்

வேதத்திலே யோவான் எழுதின இரண்டாம், மூன்றாம் நிருபங்கள் மிகச் சிறியவை. அவ்விரண்டின் முடிவிலும் அந்த முதிர்ந்த ஊழியர் ஏறக்குறைய ஒரே காரியத்தைத் தெரிவிக்கிறார்: எழுதுவதற்கு இன்னும் அநேகம் உண்டு, ஆனாலும் காகிதத்தையும் மையையும் கொண்டு எழுத மனமில்லை, நேரில் வந்து முகமுகமாய்ப் பேசவே விரும்புகிறேன் என்கிறார். மை வேண்டாம் என்று அவர் நினைத்திருந்தால் அந்தக் கடிதங்களே நமக்குக் கிடைத்திரா. போக முடியாத நாளில் கடிதம் அனுப்பினார். கடிதம் அனுப்பியும் போகவேண்டும் என்ற வாஞ்சையை விட்டுவிடவில்லை. திரையைக் குறித்து நாம் கொள்ளவேண்டிய மனநிலையும் இதுவே என்று எண்ணுகிறேன். அது மையைப் போன்றது. போக முடியாதவருக்கு அது பெரிய தயவு. போகக் கூடியவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்வாரானால் அது வெறும் சாக்குப்போக்கு.

எஸ்றாவின் புஸ்தகத்தில், ஆலயத்தின் அஸ்திபாரம் போடப்பட்ட நாளில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் அழுதார்கள், இளையோர் ஆர்ப்பரித்தார்கள், அழுகை எது, மகிழ்ச்சி எது என்று பிரித்தறியக் கூடாதிருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிய அந்த ஜூம் கூடுகைகளின் இரைச்சலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பகுதியே நினைவுக்கு வந்தது. பழைய மாணவரும் புதிய பட்டதாரியும் ஒருங்கே கூடும் இடத்தில் அழுகையும் சிரிப்பும் கலந்தே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் நம்முடைய சத்தமும் இருக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. மண்டபத்துக்குள் இருவருக்கு இடமிருந்தால், அந்த இருவராக நீங்கள் போங்கள். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தயங்காதீர்கள். ஆங்கிலம் தெரியாது, நல்ல உடை இல்லை என்று கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிடாதீர்கள். உங்கள் பிள்ளை மேடையிலிருந்து தேடுகிற முகம் உங்களுடையது.

2. மண்டபத்துக்குள் இடமில்லாதவர்களை மறவாதிருங்கள். விழாவை யூடியூபில் நேரடியாக ஒளிபரப்புவார்களா என்று கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். அப்படியானால் இணைப்பை ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்கு முந்தின நாளே அனுப்பி, யாருடைய போனில் பார்ப்பார்கள், அதில் டேட்டா இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள். அவசியமானால் அந்தப் போனுக்கு நீங்களே ரீசார்ஜ் செய்யுங்கள். பெயர் எந்த நேரத்தில் வரும் என்பதைக் குத்துமதிப்பாய்ச் சொல்லிவிடுங்கள். வயதானவர்கள் நான்கு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

3. ஒளிபரப்பின் பதிவைச் சேமித்து வையுங்கள். நான் சொன்ன பெண்ணின் தம்பி, விழா முடிந்து இரண்டு நாள் கழித்துக் கல்லூரியின் யூடியூப் பக்கத்தில் அந்தப் பதிவைக் கண்டுபிடித்தான். தகப்பனார் அந்த நான்கு விநாடிகளை எத்தனை முறை பார்த்தாரோ, கணக்கில்லை. பட்டச் சான்றிதழ் பின்னர் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவர் முதலாவது காட்டுவது அந்தப் பதிவைத்தான்.

4. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம், "ஏன் விட்டாய்?" என்று கேட்பதற்குமுன், "எங்கே விட்டாய்?" என்று கேளுங்கள். 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1996 முதல் மைசூருவில் இயங்கும் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், வேலை செய்துகொண்டே பட்டம் முடிக்க விரும்புகிறவர்களுக்காகவே இருக்கின்றன. விண்ணப்பத்தை நிரப்ப உதவிசெய்வது, சேர்க்கைக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தாங்குவது, தேர்வு நாளில் உடன் சென்று வருவது, இவை நம்மால் கூடும். பார்சல் கொண்டுபோகும் அந்த வாலிபனிடத்தில் நாங்கள் பேசியிருக்கிறோம். விண்ணப்பப் படிவம் அவன் கையில் இருக்கிறது. இன்னும் நிரப்பவில்லை. அவனுக்காக ஜெபியுங்கள்.

5. உங்களோடு படித்தவர்களில், பேசி ஒரு வருஷத்துக்கு மேலான ஒருவருடைய பெயர் இதை வாசிக்கும்போதே உங்கள் மனதில் வந்திருக்கும். அவருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். அடுத்த வாரம் என்று சொல்லாதிருங்கள். இணையவழியில் கூடுகை நடந்தால் கேமராவைத் திறந்து வையுங்கள். உங்கள் நரைத்த தலையையும் கலைந்துகிடக்கும் வீட்டையும் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். உங்கள் முகத்தைக் காணவே வந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. அந்தப் பெண் இப்போது ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். ரயில்கள் மறுபடியும் ஓடத் தொடங்கி, பயணம் அச்சமில்லாததான பின்பு, தன் முதல் சம்பளத்திலிருந்து எடுத்து வைத்திருந்த பணத்தில் பாட்டிக்கு ஒரு புடவை வாங்கிக்கொண்டு மாரிக்குப்பம் போனாள். சான்றிதழையும் எடுத்துப் போயிருந்தாள். பாட்டியம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேரை நான்தானே முதல்ல கேட்டேன்" என்றார்களாம்.

நம் பிள்ளைகளின் பெயர் அழைக்கப்படும் வேளையில், மண்டபத்திலோ, திரையிலோ, மலைக்கிராமத்துப் போனிலோ, கேட்பதற்கு ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்வோமாக. கர்த்தர் உங்கள் குடும்பங்களையும், உங்கள் பிள்ளைகளின் படிப்பையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.